பம்பருக்கு அடியில் ஆறு துளைகள்

வளைகுடாவில் இருபத்து மூன்று வருஷம் ஒர்க்ஷாப்பில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் போன் போட்டால் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணாச்சி, அமெரிக்கன் பிக்கப்ல எது பெஸ்ட்டு?" நான் மழுப்பிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறேன் என்று உங்களில் சிலருக்கு வருத்தம். பதில் தெரியாமல் இல்லை. ஒருமுறை மிகத் தெளிவாகப் பதில் சொன்னேன். அந்தப் பதிலைக் கேட்டு ஒரு மனுஷனை ஊருக்கு அனுப்பப் பார்த்தார்கள். அதை இன்றைக்கு முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் துபாய்ப் பக்கம் ஜெபல் அலியில் ஒரு பைப்லைன் கம்பெனியின் ஒர்க்ஷாப்பில் ஃபோர்மேன். இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, அந்தச் சமயம். பாலைவனத்துக்குள் லிவா பக்கம் பெரிய வேலை ஒன்று கிடைத்திருந்தது. அதற்கு முப்பது புது பிக்கப் வாங்க வேண்டும். அமெரிக்கக் கம்பெனிகள் மூன்றின் வண்டிகள் போட்டியில் இருந்தன. கம்பெனிப் பெயர்களைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இன்றைக்கும் உங்களுக்குள் சண்டை வரும். எங்கள் ஒர்க்ஷாப்பில் மூன்றுக்கும் செல்லப்பெயர் உண்டு, அதையே வைத்துக்கொள்வோம்.

முதலாவது பெரியவர். பழைய பாணி எஞ்சின். வால்வைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் கீழே, எஞ்சினின் வயிற்றுக்குள் இருக்கும். அங்கிருந்து நீளமான கம்பிகள் மேலே போய் வால்வைத் தள்ளும். ஐம்பது வருஷத்துப் பழைய யோசனைதான். ஆனால் பானட்டைத் திறந்தால் கையை விட இடமிருக்கும், எந்த ஊர் மெக்கானிக்கும் பத்து நிமிஷத்தில் சிநேகமாகிவிடலாம். டாஷ்போர்டு பிளாஸ்டிக் இரண்டு கோடையில் வெடித்துவிடும், கதவை மூடினால் தகர டப்பா சத்தம் வரும். அதைப் பற்றிப் பெரியவருக்கும் கவலையில்லை, எனக்கும் கவலையில்லை.

இரண்டாவது பயில்வான். மூக்கு லாரி மாதிரி நிமிர்ந்திருக்கும். ஆக்ஸிலேட்டரைத் தொட்டால் முதுகு சீட்டில் ஒட்டும். பெட்ரோல் தண்ணீராகக் கிடைத்த காலம், அதனால் அது குடித்ததை யாரும் கேட்கவில்லை. கியர்பாக்ஸ் மட்டும் கொஞ்சம் கோபக்காரன்.

மூன்றாவது படிச்சவன். கேம் ஷாஃப்ட் எஞ்சின் தலைக்கு மேலே, அலுமினியம், எங்கே பார்த்தாலும் சென்சார், வயர். ஓட்டினால் கார் மாதிரி இருக்கும், ஏசி ஐஸ் மாதிரி அடிக்கும். ஆனால் ஒரு பிளக்கைக் கழற்ற வேண்டுமென்றால் நான்கு சாமானைக் கழற்றி ஓரமாக வைக்க வேண்டும். லேப்டாப் இல்லாமல் வாயைத் திறக்காது. எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் வேர் இதுதான். என் கை அனுபவத்தை மதிக்காத வண்டி என்று அதன்மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல்.

எங்கள் மேனேஜர் ஜோர்டான்காரர். எஞ்சினியர் என்பதற்கு அரபியில் முஹந்திஸ் என்பார்கள், கம்பெனி முழுக்க அவருக்கு அதுதான் பெயர். கத்துவார், ஆனால் வஞ்சம் வைக்கமாட்டார். அவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "மூன்று வண்டியையும் டீலர்கள் சோதனைக்குத் தந்திருக்கிறார்கள். பின்னால் வெல்டிங் ஜெனரேட்டர் டிரெய்லரைக் கட்டி லிவா வரை ஓட்டிப் பார். எது நல்லது என்று நீ சொல். நீ சொல்வதைத்தான் வாங்குவேன்."

மனசுக்குள் ஏற்கெனவே பெரியவருக்கு மாலை போட்டாயிற்று.

சோதனைக்கு முந்தின நாள் மூன்று வண்டிகளையும் யார்டுக்குள் கொண்டுவந்தபோது, கேட்டில் இருந்த மேட்டில் படிச்சவனின் மூக்கு அடியில் 'கரக்' என்று உரசியது. குனிந்து பார்த்தேன். பம்பருக்குக் கீழே கருப்பு பிளாஸ்டிக் பட்டை ஒன்று, ஒரு ஜாண் உயரத்துக்குத் தாடி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. மற்ற இரண்டு வண்டிகளுக்கும் அவ்வளவு நீளமாக இல்லை. மணலில் போனால் இது கிழிந்து தொங்கும், அப்புறம் அதற்கொரு புகார் வரும் என்று நினைத்தேன். அழகுக்கு வைத்ததுதானே. ஆறு ஸ்க்ரூ. நானே படுத்துக் கழற்றி டயர் ரேக் மேலே போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்கிற அளவுக்கு அது ஒரு விஷயமாக எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் ஆகஸ்ட் மாத மதியம். பெரியவரில் முன்னால் நானும் முஹந்திஸும், நடுவில் பயில்வான், கடைசியில் படிச்சவன். படிச்சவனை ஓட்டியவன் சேது. பரமக்குடிப் பக்கத்துக்காரன், முப்பத்தைந்து வயசிருக்கும், ஆறு வருஷமாக எங்களிடம் டிரைவர். ஒரு வண்டியைக் கையில் கொடுத்தால் முதலில் அதைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுத்தான் ஏறுவான். அன்றைக்கும் நடந்தான். ஆனால் அந்த வண்டியை அவன் பார்ப்பது அதுதான் முதல் தடவை. என்ன இல்லை என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

அபுதாபியைத் தாண்டி லிவா சாலையில் திரும்பிய பிறகு காற்று கிளம்பிவிட்டது. ரோட்டுக்குக் குறுக்கே மணல் பாம்பு மாதிரி நெளிந்து ஓடியது. நூறு மீட்டருக்கு மேல் கண் தெரியவில்லை. பின்னால் வந்த படிச்சவன் கண்ணாடியில் மறைந்ததை நான் கவனித்தேன். கவனித்தும், "படிச்சவரு படுத்துட்டாரு போல" என்று முஹந்திஸுக்கு இங்கிலீஷில் சொல்லிச் சிரித்தேன். ஏசிக் குளிரில் உட்கார்ந்துகொண்டு சிரித்த அந்தச் சிரிப்பு இன்றைக்கும் எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த பெட்ரோல் பங்கில் நிறுத்திக் காத்திருந்தோம். கால் மணி நேரம் கழித்துப் படிச்சவன் ஊர்ந்து வந்தது. நான்கு கண்ணாடியும் இறக்கிவிட்டிருந்தது. நிழலில் நிறுத்தி இறங்கிய சேதுவின் சட்டை பிழிந்து போட்ட மாதிரி உடம்போடு ஒட்டியிருந்தது. முகம் மணலால் அப்பிக் கிடந்தது. இரண்டு எட்டு வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். உள்ளேயிருந்து அடுப்பு வாய் மாதிரி அனல் அடித்தது. ஹீட்டர் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் மாதம், வெளியே நிழலிலேயே நாற்பத்தாறு டிகிரி, உள்ளே ஹீட்டர்.

"என்னடா சேது இது?"

"சூட்டு முள்ளு சிவப்புக்கு ஏறப் பாத்துச்சு அண்ணே. ஓரங்கட்ட எடமில்ல. ரெண்டு பக்கமும் பொதமணலு, டிரெய்லர் எறங்குனா சாஞ்சிரும். பின்னால டேங்கர் வருது, நடுரோட்ல நின்னா வந்து அடிச்சிருவான். ஏசிய அமத்திட்டு ஹீட்டரப் போட்டேன். முள்ளு கொஞ்சம் எறங்குச்சு. அப்புடியே உருட்டிக்கிட்டு வந்துட்டேன்."

தம்பிகளே, இந்த வித்தையை உங்களுக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா? ஹீட்டர் என்பது வண்டிக்குள் இருக்கிற இன்னொரு சின்ன ரேடியேட்டர். எஞ்சின் சூட்டில் கொஞ்சத்தை டிரைவர் தன் உடம்பில் வாங்கிக்கொள்வது. அப்படி ஒன்பது கிலோமீட்டர் வந்திருக்கிறான். செருப்புப் போட்டிருந்த கால்களில் விரலுக்கு மேலே கொப்புளம் கண்டிருந்தது.

முஹந்திஸ் ஹீட்டரையும் பார்த்தார், சிவப்புக்குப் பக்கத்தில் நின்ற முள்ளையும் பார்த்தார். என்னிடம் திரும்பினார். "வண்டியா, டிரைவரா?"

நான் பானட்டைக்கூடத் திறக்கவில்லை. "வண்டிதான். இந்த ஜாதி எஞ்சின் நம்ம வெயிலுக்கு ஆகாதுன்னு நான்தான் சொன்னேனே" என்றேன். இதைத்தான் மிகத் தெளிவான பதில் என்று சொன்னேன்.

இதில் சேதுவுக்கு ஆபத்து வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. வண்டிமேல்தானே பழி போட்டேன் என்று இருந்தேன். மறுநாள் காலையில் அந்த டீலரின் ஆள் லேப்டாப்போடு வந்து இறங்கினார். வண்டியில் வயரைச் செருகிப் பார்த்துவிட்டு, டிரைவர்களெல்லாம் கூடியிருந்த காலை மீட்டிங்குக்கே வந்து முஹந்திஸிடம் சொன்னார்: "எங்கள் எஞ்சினில் குறையில்லை. எச்சரிக்கை விளக்கு எரிந்த பிறகும் உங்கள் டிரைவர் ஒன்பது கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறார். கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கிறது. ஹீட்டரை வேறு போட்டிருக்கிறார். வண்டி ஓட்டத் தெரியாதவருக்கு நாங்கள் என்ன செய்வது?" அவரும் பானட்டுக்குக் கீழே குனிந்து பார்க்கவில்லை. லேப்டாப்பை மட்டும் பார்த்தார்.

டீலரிடமிருந்து சோதனைக்கு வாங்கிய வண்டி. எஞ்சின் போயிருந்தால் கம்பெனி தலையில். முஹந்திஸ் கொதித்துப்போய் நாற்பது பேர் முன்னால் சேதுவைப் பார்த்துக் கத்தினார். "ஹீட்டர்! ஆகஸ்டில் ஹீட்டர்! நீ டிரைவரா, பைத்தியமா? கலாஸ், எல்லாம் முடிந்தது. கேட் பாஸைக் கொடு. விசா கேன்சல்."

சேது வாயைத் திறந்தான். அவனுக்கு இந்தியும் அரை, இங்கிலீஷும் கால். என்னைப் பார்த்தான். நான் முன்னால் போய், "முஹந்திஸ், வண்டிதான் சரியில்லை" என்றேன். "நீ அந்த வண்டியைப் பிடிக்காமல் பேசுகிறாய், எல்லோருக்கும் தெரியும்" என்று ஒரே வார்த்தையில் வெட்டிவிட்டார். உண்மைதானே? வெறுப்பவன் சாட்சி சொன்னால் எந்த நியாயஸ்தலத்திலும் எடுபடாது. ஒருவனைக் காப்பாற்ற வேண்டிய நேரத்தில் என் சொல்லுக்கு மதிப்பில்லாமல் போனது என் வாயால்தான்.

சரி, வண்டியில் குறையிருக்கிறது என்று நிரூபித்துவிடுவோம் என்று வண்டியை உள்ளே ஏற்றினேன். எங்கள் ஒர்க்ஷாப்பில் ஒரு ஃபிலிப்பினோ எலக்ட்ரீஷியன் இருந்தார். இந்தத் தொழிலில் எனக்குக் குரு என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமென்றால் அவர்தான். என்னைவிடப் பதினைந்து வயசு இளையவர். பெயரைச் சொன்னால் கூச்சப்படுவார், வேண்டாம். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. வண்டிக்கு என்ன என்று கேட்டால், "ஃபோர்மேன், நோ கெஸ். சீ ஃபர்ஸ்ட்" என்பார். பார்க்காமல் சொல்லவே மாட்டார்.

சூடேறினால் தண்ணீருக்கு வழி விடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெந்நீரில் போட்டார், சரியாகத் திறந்தது. தண்ணீர் பம்ப் சரி. ஃபேன் சரி. ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. வண்டியை நிறுத்திய இடத்திலேயே ஏசி போட்டு அரை மணி நேரம் ஓடவிட்டார். முள் நடுவில் ஆணி அடித்த மாதிரி நின்றது.

"ஸ்டேண்டிங், ஓகே," என்றார் அவர். "ரன்னிங், ஹாட். ஃபோர்மேன், நின்னா ஃபேன் காத்து. ஓடினா ரோட்டுக் காத்து. ஃபேன் குட். சோ, ரோட்டுக் காத்து நோ குட்." அவருக்குத் தெரிந்த தமிழ் எங்களிடம் கற்றதுதான்.

சொல்லிவிட்டு வண்டிக்கு முன்னால் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். பம்பருக்கு அடியில் விரலை விட்டுத் தடவினார். ஒரு துளை. பக்கத்தில் இன்னொன்று. மொத்தம் ஆறு. சுற்றிலும் தூசி படிந்திருக்க, துளைகளைச் சுற்றி மட்டும் பட்டையாகச் சுத்தமாக இருந்தது.

"சம்திங் வாஸ் ஹியர்," என்றார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஃபோர்மேன், யூ நோ?"

எனக்கு அந்த நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. அந்தப் பட்டை அழகுக்கு வைத்ததில்லை. வேகமாகப் போகும்போது காற்று வண்டிக்கு அடியில் புகுந்து ஓடிவிடாமல் தடுத்து ரேடியேட்டருக்குத் திருப்பிவிடுவது அதுதான். பாரம் இழுத்துக்கொண்டு, குறுக்குக் காற்றில், அந்த வெயிலில், அது இல்லாமல் அனுப்பினால் எந்த எஞ்சினும் கொதிக்கும். படிச்சவனை வரைந்தவன் எங்கோ அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு ஒரு ஜாண் பிளாஸ்டிக்குக்கும் கணக்குப் போட்டிருக்கிறான். நான் ஜெபல் அலியில் படுத்துக்கொண்டு அதைக் கழற்றி எறிந்திருக்கிறேன்.

"தெரியல," என்றேன்.

ஆமாம், அப்படித்தான் சொன்னேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? அவர் எழுந்தார். விரலைத் துடைத்தார். "லஞ்ச்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். டயர் ரேக் பக்கமாகத்தான் போனார். மேலே பார்த்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

சாப்பாட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு வாய்கூட இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் வீட்டில் காலேஜ் படிக்கிற பிள்ளைகள். டீலர் வண்டியில் கைவைத்து, முப்பது வண்டி ஆர்டரைக் குழப்பி, பொய்யும் சொன்ன ஃபோர்மேனை எந்தக் கம்பெனி வைத்துக்கொள்ளும்? சேதுவுக்கு வயசிருக்கிறது, வேறு கம்பெனி பிடித்துக்கொள்வான் என்றுகூட மனசு கணக்குப் போட்டது. மனசு எவ்வளவு சாமர்த்தியமாக வேலை செய்யும் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

அப்போது சேது வந்தான். பாதம் இரண்டிலும் துணி சுற்றியிருந்தது, குதிகாலால் நடந்து வந்தான். வண்டிச் சாவியையும் ஜாக்கிக் கம்பியையும் என் மேஜையில் வைத்தான். நான் தலையை நிமிர்த்தவில்லை. ஏதாவது கேட்பான், முஹந்திஸிடம் பேசுங்கள் என்பான், என்ன பதில் சொல்ல என்று தேடிக்கொண்டிருந்தேன்.

"அண்ணே," என்றான். "இஞ்சினுக்கு ஒண்ணும் ஆகலையில்ல?"

"ஆகல," என்றேன்.

"அது போதும்ணே. நான்தான் கெடுத்துட்டேனோன்னு ராத்திரி பூரா ஓடிக்கிட்டே இருந்துச்சு." சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான்.

அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. ரேக் மேலிருந்து அந்தப் பட்டையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முஹந்திஸ் அறைக்குப் போனேன். மேஜைமேல் வைத்தேன். என்ன செய்தேன், எப்போது செய்தேன், ஏன் செய்தேன், லஞ்சுக்கு முன்னால் என்ன பொய் சொன்னேன், எல்லாவற்றையும் நின்றுகொண்டே சொன்னேன். சேது ஹீட்டர் போட்டதால்தான் எஞ்சின் பிழைத்தது என்பதையும் சொன்னேன்.

அவர் அந்தப் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கத்துவார் என்று நின்றேன். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"உன்னால் ஒரு நல்ல மனிதனை நாற்பது பேர் முன்னால் பைத்தியம் என்றேன்," என்றார் மெதுவாக. "நீ சொல்வது உண்மையென்றால் இதை மாட்டிக்கொண்டு அதே வண்டி, அதே பாரம், அதே ரோடு, அதே நேரம். அவனே ஓட்டட்டும். நீ பக்கத்தில் உட்கார். நான் பின்னால் வருகிறேன். முள் ஏறினால் இரண்டு பேரும் ஊருக்குப் போங்கள்."

சேது கேம்பில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். மேல்கட்டிலில் சட்டைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தவனிடம் விஷயத்தைச் சொன்னேன். பாதி சொல்லும்போதே கை நின்றுவிட்டது. கடைசிவரை கேட்டான்.

"நீங்களா?" என்றான்.

"நான்தான்டா."

"அப்ப காலைல தெரியுமா, தெரியாதா?"

"மீட்டிங்ல தெரியாது. பன்னெண்டு மணிக்குத் தெரியும். ரெண்டு மணிக்குத்தான் சொன்னேன்."

அவன் கையிலிருந்த சட்டையைக் கட்டிலில் வைத்தான். பிறகு சொன்னான்: "வண்டிய ஓட்டுறேன் அண்ணே. ஆனா முஹந்திஸு ரூம்ல நீங்க சொன்னது பத்தாது. என்னைய பைத்தியம்னது நாப்பது பேரு முன்னால. நீங்களும் அங்கனதான் சொல்லணும்."

நியாயம். மறுநாள் காலை மீட்டிங்கில் முன்னால் போய் நின்றேன். பாகிஸ்தானிப் பட்டாணி, வங்காளி, நேபாளி, மலையாளி, நம்ம ஆட்கள் எல்லாரும் நிற்கிறார்கள். எல்லாருக்கும் பொதுவான மொழி இந்தி. என் இந்தியைப் பற்றி உங்களுக்குத் தெரியும். தொண்டையைச் செருமிக்கொண்டு, "பாயி லோக், சுனோ. காடி கா கல்தி நஹி. சேது கா கல்தி நஹி. கல்தி மேரா!" என்றேன். வண்டிமேலும் தப்பில்லை, சேதுமேலும் தப்பில்லை, தப்பு என்னுடையது என்று அர்த்தம்.

பின்வரிசையிலிருந்து ஒரு பட்டாணி டிரைவர் உரக்கச் சொன்னார்: "மேரா நஹி ஃபோர்மேன் சாப், மேரி! கல்தி மேரி!" இந்தியில் தப்பு என்பது பெண்பாலாம். தப்பை ஒத்துக்கொண்டதிலும் ஒரு தப்பு. நாற்பது பேரும் சிரித்தார்கள். "மேரி, மேரி," என்று நானும் திருத்திச் சொன்னேன். சிரிக்காமல் நின்றவன் சேது ஒருவன்தான்.

அன்றைக்கு மதியம் பட்டையை ஆறு ஸ்க்ரூவும் போட்டு இறுக்கிவிட்டுக் கிளம்பினோம். லிவா சாலையில் அதே காற்று, அதே மணல். நூற்றுப் பத்து வேகம், பின்னால் ஜெனரேட்டர். ரோட்டைப் பார்ப்பதற்குப் பதில் நான் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தேன். பாதிக்குக் கொஞ்சம் மேலே ஏறியது. அங்கேயே நின்றது. பத்து கிலோமீட்டர், இருபது கிலோமீட்டர், அங்கேயே நின்றது. ஏசி ஐஸாக அடித்தது.

மணல் மேடு ஒன்றைத் தாண்டியதும் சேது, "இந்த எடந்தான் அண்ணே, முள்ளு ஏறுன எடம்," என்றான். சொல்லிக்கொண்டே ஏசியை அணைத்து ஹீட்டரை முழுசாகத் திருப்பினான்.

"ஏலே, என்னல செய்த?"

"சும்மா இருங்க அண்ணே. பங்க் வரைக்கும் ஒம்பது கிலோமீட்டரு."

காலில் அனல் பட்டது. இரண்டு நிமிஷத்தில் சட்டை நனைந்தது. கண்ணாடியை இறக்கினால் வெளிக்காற்று அதற்கு மேல் சுட்டது. காலை இழுத்துச் சீட்டின்மேல் வைத்துக்கொண்டேன். மூன்றாவது கிலோமீட்டரில் மூச்சு முட்டியது. அவன் என்னைப் பார்க்கவேயில்லை, ரோட்டைப் பார்த்தபடி ஓட்டினான். நான்காவது கிலோமீட்டரில் கையை நீட்டி ஹீட்டரை அணைத்தான்.

"போதும். நீங்க தாங்க மாட்டீக," என்றான். அப்புறம்தான் சிரித்தான். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது. வியர்வை என்று துடைத்துக்கொண்டேன்.

பங்கில் இறங்கியதும் முஹந்திஸ் தன் காரிலிருந்து வந்து முள்ளைக் குனிந்து பார்த்தார். சட்டைப்பையிலிருந்து சேதுவின் கேட் பாஸை எடுத்து அவன் கையில் வைத்தார். கடைக்குள் போய் மூன்று மோர் வாங்கிவந்தார். அரபிகள் மன்னிப்புக் கேட்பதில் அது ஒரு வகை.

அப்புறம் நான் ரிப்போர்ட் எழுதினேன். பெரியவரைப் பற்றி நல்லது எழுதியபோது அவருடைய டாஷ்போர்டைப் பற்றியும் எழுதினேன். பயில்வானின் கியர்பாக்ஸைப் பற்றி எழுதினேன். படிச்சவன் பக்கத்தில், எஞ்சின் சூடானதற்குக் காரணம் என்ற கட்டத்தில், 'ஒர்க்ஷாப் ஃபோர்மேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முஹந்திஸ் அதைத் திருத்தச் சொல்லவில்லை. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார், அது என் ஃபைலில் கடைசிவரை இருந்தது. இருக்கட்டும்.

கடைசியில் எந்த வண்டி வாங்கினார்கள் என்று கேட்பீர்கள். பயில்வான். பெரியவரும் இல்லை, படிச்சவனும் இல்லை. காரணம் எஞ்சின் இல்லை; லிவா போகிற வழியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தது அந்த டீலர் ஒருவர்தான். பாலைவனத்தில் நிற்கிற வண்டிக்கு ஐம்பது வருஷப் பெருமையைவிட இரண்டு மணி நேரத்தில் வந்து சேரும் பெல்ட் பெரிது. மூன்று எஞ்சினைப் பற்றியும் ராத்திரி பகலாகச் சண்டை போட்ட எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. முஹந்திஸுக்குத் தோன்றியது. சோதனைக்கு வந்த படிச்சவனை டீலர் பழைய வண்டியாகத்தான் விற்க முடியும் என்றதால் அதையும் கம்பெனியே எடுத்துக்கொண்டது.

முப்பது பயில்வான்களும் வந்து யார்டில் வரிசையாக நின்ற நாளில், சர்வீஸ் அதிகமுள்ளவர்கள் முதலில் சாவி எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். டிரைவர்களுக்குக் கல்யாண வீடு மாதிரி இருந்தது. பாலித்தீன் உரிக்காத சீட், புது வாசனை. சேதுவின் முறை வந்தது. அவன் சாவிப் பலகையைப் பார்க்காமல் என் மேஜைக்கு வந்தான்.

"அண்ணே, எனக்கு அந்தப் பழைய வண்டியக் குடுங்க. படிச்சவன."

"ஏண்டா, புதுசு முப்பது நிக்கிது. அந்த வண்டியால உனக்கு வேலையே போகப் பாத்துச்சு."

"அது என்னண்ணே பண்ணுச்சு? மூக்குல காத்து இல்லாம, அந்த வெயில்ல, பாரத்த இழுத்துக்கிட்டு ஒம்பது கிலோமீட்டரு வந்துச்சு. ஒரு எடத்துல நின்னுருந்தா டேங்கர்காரன் எங்க ரெண்டு பேரையும் முடிச்சிருப்பான். நிக்கலையே." சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "எங்களுக்குள்ள பழக்கமாயிருச்சுண்ணே."

வெளியே போய், வழக்கம்போல வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தான். முன்னால் வந்ததும் குனிந்து பம்பருக்கு அடியில் கைவிட்டுப் பார்த்தான். அப்புறம் ஏறி ஸ்டார்ட் பண்ணினான்.